ஸ்வெட்டர் பின்னாத ஊர்

இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வருடத்தில் பாதி நாள் குளிரில் கழிப்பவர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மூன்று உடுப்புகளை அடுக்கிப் போட்டுக்கொள்கிறவர்கள். அந்த அடுக்கின் மேலே வரும் ஸ்வெட்டரும் கார்டிகனும் பின்னலாடைகள்தான். ஆனால் பின்னலாடை நகரம் என்று பெயரெடுத்த ஊர் அவற்றை அநேகமாகப் பின்னுவதே இல்லை. திருப்பூருக்குப் பக்கத்து மலையான ஊட்டியில் திபெத்தியர்கள் கடைபோட்டு விற்கும் ஸ்வெட்டர்கூட, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பஞ்சாபில் உள்ள லூதியானாவிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. திருப்பூர் ஸ்வெட்டர் பின்னாததற்கு வெயிலைக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. திருப்பூர் தொடங்கியது உடம்போடு ஒட்டும் முதல் அடுக்கில். பிறகு உலகத்தின் உடைப் பழக்கம் மாறி அந்த முதல் அடுக்கே வெளியாடை ஆனது. ஊரின் வளர்ச்சிக்கும் அது ஸ்வெட்டர் பக்கம் போகாததற்கும் காரணம் இந்த ஒன்றுதான் என்பது என் வாதம்.

முதலில் இயந்திரத்தைப் பார்க்க வேண்டும். பனியன் துணி வட்டப் பின்னல் இயந்திரத்தில் குழாய்போல இறங்குகிறது. மெல்லிய பருத்தி நூல், அங்குலத்துக்கு இருபதுக்கு மேல் ஊசிகள். துணி ரோல் ரோலாக டையிங்குக்குப் போகும், பிறகு சுருங்காதபடி காம்பாக்டிங் ஆகும், கட்டிங் மேசையில் அடுக்கி வெட்டப்படும், ஓவர்லாக்கிலும் ஃபிளாட்லாக்கிலும் தைக்கப்படும். ஸ்வெட்டரின் வழி வேறு. நூலுக்குப் பெரும்பாலும் முதலிலேயே சாயம் ஏற்றிவிடுவார்கள். நூல் தடிமன், ஊசிகள் குறைவு. தட்டைப் பின்னல் இயந்திரம் முன்பக்கம், பின்பக்கம், கை என்று ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் வடிவிலேயே பின்னித் தரும்; பிறகு கண்ணிக்குக் கண்ணி கோத்து இணைப்பார்கள். கத்தரிக்கு அங்கே வேலை குறைவு. இரண்டும் ‘நிட்டிங்’தான். ஆனால் ஒன்றில் தேர்ந்தவருக்கு மற்றது தானாகக் கைவராது.

திருப்பூருக்கு முதல் வழி அமைந்ததில் வியப்பில்லை. சுற்றிலும் கொங்குநாட்டுப் பருத்தி. ஊரிலேயே பஞ்சுச் சந்தை. 1888 முதல் கோயம்புத்தூரில் நூற்பாலை. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம். நாட்டின் முதல் பின்னலாடை ஆலை 1893இல் கல்கத்தாவின் கிதிர்ப்பூரில் எழுந்தது. திருப்பூரில் இந்தத் தொழில் 1925 வாக்கில் கால் வைத்தது. அடுத்த அரை நூற்றாண்டும் பெரும்பாலும் வெள்ளைப் பனியன்தான். சட்டைக்கு உள்ளே போடுவது, வியர்வை உறிஞ்சுவது, உள்நாட்டில் விற்பது. அதே காலத்தில் லூதியானா கம்பளியைப் பிடித்துக்கொண்டது. பஞ்சத்தில் குடிபெயர்ந்துவந்த காஷ்மீரி நெசவாளர்களால் கம்பளிக் கைத்திறன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்கு ஊன்றியிருந்தது. உலகப் போர்களில் ராணுவத்துக்கு வேண்டிய கம்பளிப் பின்னலாடைகள் அதை ஆலைத் தொழிலாக்கின. நூலும் கையிருப்புத் திறமையும் முதல் வாடிக்கையாளரும் சேர்ந்து இரண்டு ஊர்களையும் இரண்டு பக்கம் தள்ளின.

இதற்கிடையே, திருப்பூரைக் கேட்காமலேயே, வெளியுலகில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீருடைக்கு உள்ளே போடத் தந்த அரைக்கைப் பருத்திப் பனியன், இரண்டாம் உலகப் போருக்குப் பின் தெருவுக்கு வந்து டீ-ஷர்ட் ஆயிற்று. 1926இல் அலபாமாவில் ரஸ்ஸல் என்ற உள்ளாடை ஆலைக்காரர், அமெரிக்கக் கால்பந்து ஆடும் தம் மகனுக்குக் கம்பளி ஜெர்சி அரிப்பெடுக்கிறது என்பதால் தடித்த பருத்திப் பின்னல் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தார். ஸ்வெட்ஷர்ட்டின் பிறப்பை இப்படித்தான் சொல்கிறார்கள். ஸ்வெட்டர் இருந்த இடத்தில் ஒரு பங்கை உள்ளாடைத் துணியே பிடித்துக்கொண்டது என்று இதைப் படிக்கலாம். 1970களின் இறுதியில் இத்தாலிய இறக்குமதியாளர்கள் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாகத் திருப்பூரின் வெள்ளை டீ-ஷர்ட்டைத் தேடி வந்தபோது, ஊர் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது சாயமும் அச்சும் தரக் கட்டுப்பாடும்தான். பின்னல் கையிலேயே இருந்தது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2022-23இல் ஏற்றுமதி 30,000 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தது. தொழிலின் அடிப்படை மட்டும் அதே வட்டப் பின்னல், அதே வெட்டு, அதே தையல்.

வெயில் ஊரில் ஸ்வெட்டர் எப்படிப் பிழைக்கும் என்று கேட்பவர்களுக்கு வங்கதேசமே பதில். அதுவும் திருப்பூரைப்போல வெயில் அடிக்கும் இடம்தான். ஆனால் ஸ்வெட்டர் ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது, அதுவும் பெருமளவு இறக்குமதி நூலை வைத்து. அணிகிறவனுக்குக் குளிர்ந்தால் போதும், பின்னுகிறவனுக்குக் குளிர வேண்டியதில்லை. தட்டைப் பின்னல் திருப்பூருக்குத் தெரியாத வித்தை என்பதும் சரியல்ல. அந்த இயந்திரங்கள் ஊரில் ஏராளம்; போலோ டீ-ஷர்ட்டுக்குக் காலரும் கைப்பட்டியும் பின்னிக்கொண்டிருக்கின்றன. முழு ஸ்வெட்டரும் அதே வகை இயந்திரத்தில்தான் பின்னப்படுகிறது. வேண்டியிருந்தது அதற்கான நூலும், இணைப்பு வேலை தெரிந்த கைகளும், வருடம் முழுக்க ஓடும் ஆர்டரும். டீ-ஷர்ட் கோடையில் தனியாகவும் குளிரில் அடியிலும் போடப்படுவதால் குளிரில் குறைந்தாலும் பன்னிரண்டு மாதமும் விலைபோகிறது. ஒரு பருவத்துக்கு மட்டும் விற்கும் சரக்குக்காகச் சிறு முதலாளி கடன் வாங்கிப் புது இயந்திரம் இறக்கமாட்டார்.

இன்னொரு மறுப்பு வலுவானது. திருப்பூரின் எழுச்சிக்குக் காரணம் துணி வகை அல்ல. காடு கழனியிலிருந்து வந்து, தொழிலாளியாக உழைத்து, முதலாளியான கவுண்டர்களின் உழைப்பும் உறவு வலையும் என்கிறது ஷரத் சாரியின் 2004ஆம் ஆண்டு ஆய்வு நூல் ‘ஃபிரேட்டர்னல் கேப்பிடல்’. 1984இல் நான்கு மாதம் நீண்ட வேலைநிறுத்தத்தையும் வேலைகள் சிறு சிறு யூனிட்டுகளாகச் சிதறியதையும் விளக்க அந்தச் சட்டகம் இல்லாமல் முடியாது. ஆனால் அது சொல்வது யார், எப்படி உழைத்தார்கள் என்பதை. எதைப் பின்னினார்கள் என்பதை அல்ல. அந்தச் சிதறலே ஒரு வகையில் என் பக்கம் சாட்சி சொல்கிறது. நிட்டிங் ஒருவர், டையிங் ஒருவர், செக்கிங் ஒருவர் என்று ஜாப் ஒர்க்கில் பிரிய வேண்டுமானால் துணி ரோலாகக் கைமாற வேண்டும். பாகம் பாகமாகப் பின்னி உருவாகும் ஸ்வெட்டரை அப்படிப் பிரிப்பது கடினம். ரோல் துணிக்குத்தான் ஊரெங்கும் சாயப்பட்டறை தேவைப்பட்டது. அதன் விலையை நொய்யல் ஆறு கொடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு ஆற்றின் மாசு முற்றியது.

குளிர்காலச் சந்தையை விட்டுவிட்டோமே என்ற கவலை இப்போது ஊருக்குள்ளேயே கேட்கிறது. பருத்திக் கோடை ஆடையை மட்டும் நம்பினால் அடுத்த பருவத்தில் இயந்திரங்களில் ஒரு பங்கு சும்மா கிடக்கிறது. செயற்கை இழை ஆடைகளையும் சேர்த்து ஊக்குவிக்க மத்திய அரசு 2021இல் 10,683 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஆனால் திருப்பூர் குளிர்காலத்துக்குள் நுழையும் வழியைக் கவனித்தால், கையில் எடுப்பது பாலியஸ்டர் ஃபிளீஸும் உட்புறம் ரெய்சிங் செய்த, அதாவது இழைகளைக் கிளப்பிப் பஞ்சுபோலாக்கிய, ஸ்வெட்ஷர்ட் துணியும். இரண்டும் வட்டப் பின்னலில் ரோலாக இறங்கி, மேசையில் வெட்டப்பட்டு, ஓவர்லாக்கில் தைக்கப்படுபவைதான்.