ஐ.சி. என்றால் எது? இரண்டு எழுத்துக்குப் பல பொருள்

பினாங்கில் தினமும் காதில் விழும் சொல் 'ஐ.சி.'. வங்கி முகப்பில் கேட்கும் ஐ.சி. வேறு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தயாராகும் ஐ.சி. வேறு. இடத்தை வைத்துத்தான் பொருளை அறிய வேண்டும்.

அடையாள அட்டை

மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய 1948-இல் அடையாள அட்டை அறிமுகமானது. 2001-இல் சிப் பொருத்திய மைகார்டு வந்தது. மலேசியாவைப் போலவே சிங்கப்பூரிலும் பேச்சு வழக்கில் இது ஐ.சி.தான்.

இதில் நிறம் முக்கியம். நீலம் குடிமக்களுக்கு, சிவப்பு நிரந்தரவாசிகளுக்கு, பச்சை தற்காலிகவாசிகளுக்கு. சிவப்பு அட்டைக்காரர் இங்கே வாழலாம், வேலை செய்யலாம். ஆனால் தேர்தலில் வாக்களிக்க முடியாது.

இந்த வேறுபாட்டின் வலியைத் தோட்ட மக்கள் அறிவார்கள். 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு தோட்டத் தொழிலாளர்கள் பலர் குடும்பத்துடன் கப்பலேறித் தமிழ்நாடு திரும்பினர்.

அட்டை எண்ணில் 12 இலக்கங்கள் உண்டு. முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம். பினாங்குக்கு 07. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 07 என்பது பிறந்த மாநிலத்தைக் காட்டுமே தவிர, குடியுரிமையைக் காட்டாது.

மின்னணுச் சில்லு

ஒருங்கிணைந்த மின்சுற்றுக்கும் ஐ.சி. என்றே பெயர். அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி 1958-இல் இதைச் செய்து காட்டினார். 2000-இல் நோபல் பரிசு பெற்றார். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் அமைந்து, இன்டெல் முதலிய நிறுவனங்கள் வந்ததும், ஐ.சி. பினாங்குக்காரர்களின் பிழைப்பாகவும் ஆனது. மைகார்டுக்குள் இருக்கும் சிப்பும் ஓர் ஐ.சி.தான். ஆக, ஐ.சி.க்குள்ளேயே ஐ.சி. இருக்கிறது.

பொறுப்பாளர்

தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் "ஸ்டோருக்கு யார் ஐ.சி.?" என்று கேட்டால், பொறுப்பில் இருப்பவர், அதாவது 'இன்சார்ஜ்', யார் என்று பொருள்.

மற்றவை

வாகனப் பாடத்தில் ஐ.சி. என்ஜின் என்பது எரிபொருளை உள்ளுக்குள்ளேயே எரித்து ஓடும் இயந்திரம். முன்பு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானங்களின் குறியீடும் ஐ.சி.யாகத்தான் இருந்தது. 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட விமானம் ஐ.சி. 814.

கவனிக்க வேண்டியது

"எனக்கு ஐ.சி. இருக்கிறது" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால், அதன் நிறத்தையும் பார்த்துவிடுவது நல்லது. சிவப்பு அல்லது பச்சை என்றால், பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோரின் ஆவணங்களையும் திரட்டிக்கொண்டு தேசியப் பதிவு இலாகாவில் குடியுரிமை விண்ணப்பம் குறித்து விசாரிக்கலாம். பழைய தாள்கள் கைக்குக் கிடைக்கும்போதே இதைச் செய்வது மேல்.