டச்சு வயல்களும் எங்க ஊர்ப் பூண்டுக் காடும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "பாலம், காங்கிரீட் வேண்டாம்ப்பா, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இந்த சிவில் இன்ஜினியர் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறேன். பொறுத்தருள்க!

17ஆம் நூற்றாண்டில் ஹாலந்து ஓவியர்கள் ஒரு புதுமை செய்தார்கள். ராஜா, ராணி, தேவதைகளை விட்டுவிட்டு மாடு, வாய்க்கால், வண்டிப்பாதை இவற்றை வரைந்தார்கள். காரணம் எளிது. அங்கே சீர்திருத்தச் சபைக் கோயில்களில் படம் வைக்கும் வழக்கம் நின்றுபோனது. படம் வாங்கியவர்கள் வியாபாரிகளும் கைத்தொழில்காரர்களும்தான். தங்களுக்குத் தெரிந்த நிலத்தையே சுவரில் மாட்ட ஆசைப்பட்டார்கள். அதுவும் சும்மா கிடைத்த நிலமா? பீம்ஸ்டர் என்ற ஏரியை நாற்பதுக்கும் மேற்பட்ட காற்றாலைகளால் இறைத்து, 1612இல் வயலாக்கியவர்கள் அவர்கள்.

1647இல் பவுலஸ் பாட்டர் ஒரு காளையை ஏறக்குறைய நிஜ அளவிலேயே வரைந்தார். அப்போது வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. நம் இறுதியாண்டு மாணவர் வயசு! ரைஸ்டால் வரைந்த ஹார்லெம் காட்சியில் முக்கால்வாசி வானம்; கீழே சின்னதாக, வெளுப்பதற்காகப் புல்லில் விரித்த துணிகள். எனக்குப் பிடித்தது 1689இல் ஹாபெமா வரைந்த மிடல்ஹார்னிஸ் சாலை. நடுவில் நேர்ப்பாதை, இருபுறமும் ஒல்லியான மரங்கள், பக்கத்தில் வடிகால். வலது ஓரத்தில் ஒருவர் நாற்றங்காலில் கன்றுகளைக் கவாத்து செய்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் செய்த வேலை முந்நூறு வருஷத்துக்கு மேலாக லண்டன் வரை தெரிகிறது.

எல்லாம் அப்பட்டமான உண்மை என்று எண்ணிவிட வேண்டாம். ரைஸ்டால் பென்ட்ஹைம் கோட்டையைப் பெரிய மலைமேல் தூக்கி வைத்துவிட்டார். நிஜத்தில் அது சின்ன மேடு. எங்க ஊர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

எங்க ஊர் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை தாண்டிப் போகணும். இங்கே உள்ளதும் மனிதன் செய்த நிலம்தான். சரிவை வெட்டி, படிப்படியாக வயல் கட்டி, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறோம். அதை வரைந்தது யார்?

டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தில் இருந்தவர்கள். ரைஸ்டால் வயல் வரைந்த அதே காலம்! ஆனால் 1672இல் வெளியான பால்டேயஸ் பாதிரியாரின் புத்தகத்தில் துறைமுகமும் கோட்டையுமே முன்னால் நிற்கின்றன. மலைக்கு வெள்ளைக்காரர் வந்ததும் பிற்பாடுதான். 1821இல் லெப்டினன்ட் வார்டு அளக்க வந்தார். 1860களில் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி, சென்னை அரசுக்காக இம்மலைகளை வரைந்தார். அழகான மலைத்தொடர்கள். ஆனால் அரசு தேடியது குளிர்ந்த இடம்; பூண்டு நட்டவரின் முகம் அல்ல.

சுற்றுலாக்காரர் எடுக்கும் போட்டோவும் இன்றுவரை அதே கதைதான். பனிமூட்டம் இருக்கும், களை எடுக்கும் அக்கா இருக்க மாட்டார். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, பெயர் பதிவாகிவிட்டது. ஆனால் அடுப்புப் புகை படும்படி பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிடும் பரண், மட்டக்குதிரை மேல் மூட்டை ஏற்றும் கட்டு, கல் அடுக்கி வரப்பு தூக்கும் கை, இவை எந்தப் பதிவில் இருக்கின்றன? குதிரையின் இடத்துக்கு பிக்கப் வேன் வந்தாச்சு. அந்தக் கட்டுப் போடத் தெரிந்தவர்கள் எங்க தாத்தா வயசுக்காரர்கள்.

கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளில் படம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பூண்டு பிடுங்கும் சமயமாகப் பார்த்து வரவேண்டும். தங்க இடமும் சாப்பாடும் எங்க வீட்டில். ஸ்வெட்டர் மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள். ராத்திரி குளிர் தாங்காது.