ஓடை ஒலிச் செயலிகளின் சேமிப்பிடப் பயன்பாடு

ஓடை ஒலிச் செயலி அல்லது ஸ்ட்ரீமிங் செயலி என்பது பாடல்களையும் ஒலிப்பதிவுகளையும் இணையத்தின் வழியே சிறிது சிறிதாகப் பெற்றுக்கொண்டே ஒலிக்கச் செய்யும் நகர்பேசி மென்பொருளாகும். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன், கானா ஆகியன இந்தியாவில் அறியப்பட்ட இவ்வகைச் செயலிகளாகும். பாடல்கள் நிறுவனத்தின் வழங்கிகளில் இருப்பதால் அவை நகர்பேசியில் இடம் பிடிப்பதில்லை என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆயினும் இச்செயலிகள் சில நூறு மெகாபைட்டு முதல் பல கிகாபைட்டு வரை இடம் எடுத்துக்கொள்வதுண்டு. செயலியின் நிரல், தற்காலிகச் சேமிப்பு, பதிவிறக்கங்கள் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்களாகும்.

செயற்படும் முறை

வழங்கியில் உள்ள ஒலிக்கோப்பு சிறு துண்டுகளாக அனுப்பப்படுகிறது. அடுத்து ஒலிக்கவேண்டிய துண்டுகளைச் செயலி முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்கிறது. அலைக்கற்றை சில நொடிகள் விட்டுப்போனாலும் பாடல் தடைப்படாதிருப்பது இதனாலேயே. எனவே கேட்கப்படும் ஒவ்வொரு பாடலின் நகலும் ஒருமுறையேனும் நகர்பேசிக்கு வந்து சேர்கிறது. கேட்டு முடிந்தபின் அந்நகல் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே சேமிப்பிடப் பயன்பாடு அமைகிறது.

இடம் பிடிக்கும் கூறுகள்

* செயலியின் நிரல்: நிறுவும்போது வரும் பகுதி. இதன் அளவு இற்றைப்படுத்தலின்போது மட்டுமே மாறுகிறது.
* தற்காலிகச் சேமிப்பு: கேச் எனப்படும் பகுதி. கேட்ட பாடல்களின் துண்டுகளும் இசைத்தொகுப்புகளின் அட்டைப்படங்களும் இதில் இருக்கும். அதே பாடலை மீண்டும் கேட்கும்போது இணையத் தரவு செலவாகாதிருக்க இது உதவுகிறது.
* பதிவிறக்கங்கள்: இணையமின்றிக் கேட்பதற்காகப் பயனர் தெரிந்தெடுத்த பாடல்களும் வலையொலிகளும். இவை மறையீடு செய்யப்பட்டிருப்பதால் வேறு செயலியிலோ வேறு நகர்பேசியிலோ ஒலிக்கமாட்டா.

அளவைக் கணக்கிடல்

கோப்பின் அளவு, நொடிக்கு அனுப்பப்படும் பிட்டுகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. 8 பிட்டுகள் ஒரு பைட்டு ஆகும். நொடிக்கு 160 கிலோபிட்டு வீதத்தில் ஒலிக்கும் பாடலுக்கு நொடியொன்றுக்கு 20 கிலோபைட்டு தேவை. அதன்படி 5 நிமிடப் பாடல் ஒன்றின் அளவு:

* 96 கிலோபிட்டு: 3.6 மெகாபைட்டு
* 160 கிலோபிட்டு: 6 மெகாபைட்டு
* 320 கிலோபிட்டு: 12 மெகாபைட்டு

இத்தகைய 100 பாடல்களை உயர்ந்த வீதத்தில் பதிவிறக்கினால் 1.2 கிகாபைட்டு நிரம்பும். 96 கிலோபிட்டு வீதத்தில் அதே பாடல்களுக்கு 360 மெகாபைட்டு போதுமானது. இழப்பற்ற ஒலித்தரத்தில் அளவு இதைவிடப் பெருமளவு கூடும்.

பள்ளிக்கரணை: ஓர் எடுத்துக்காட்டு

சென்னையின் தெற்கே, வேளச்சேரி – தாம்பரம் சாலையில் அமைந்துள்ள பள்ளிக்கரணை, சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்பு நிலத்தை ஒட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையிலும் இப்பகுதியும் வேளச்சேரி, பெரும்பாக்கம் முதலிய அண்டைப் பகுதிகளும் நீரில் சூழப்பட்டன. மின்சாரம் நிறுத்தப்பட்டதோடு நகர்பேசிச் சேவையும் பல இடங்களில் தடைப்பட்டது. நகர்பேசிக் கோபுரங்கள் மின்வெட்டின்போது மின்கலத்தையும் டீசல் மின்னாக்கியையும் நம்பியிருப்பதால், நீண்ட மின்வெட்டில் அவையும் நின்றுபோகக்கூடும்.

அத்தகைய நேரங்களில் ஓடை ஒலி நின்றுவிடும்; முன்னரே பதிவிறக்கியவை மட்டுமே ஒலிக்கும். தற்காலிகச் சேமிப்பில் உள்ள துண்டுகள் முழுப் பாடலாக இல்லாதிருக்கலாம் என்பதால் அவற்றை நம்ப இயலாது. பதிவிறக்கங்களும் கால வரையறைக்கு உட்பட்டவை. எடுத்துக்காட்டாக, ஸ்பாட்டிஃபை செயலியில் அவற்றைத் தக்கவைக்க 30 நாட்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் இணைய வேண்டும்.

இடத்தை மீட்டல்

ஆண்ட்ராய்டு நகர்பேசியின் அமைப்புகளில், செயலியின் சேமிப்பிடப் பக்கத்தில் இரு தெரிவுகள் உள்ளன. தற்காலிகச் சேமிப்பை அழித்தால் பொதுவாகப் பதிவிறக்கங்கள் அப்படியே இருக்கும். கேட்ட பாடலை மீண்டும் கேட்கும்போது கூடுதல் தரவு செலவாகும். சேமிப்பிடம் முழுவதையும் அழித்தால் பதிவிறக்கங்களும் புகுபதிகை விவரங்களும் நீங்கிவிடும். இடம் மிகக் குறையும்போது இயங்குதளம் தற்காலிகக் கோப்புகளைத் தானாகவே நீக்குவதும் உண்டு.

ஐஃபோனில் செயலியை மட்டும் அகற்றி அதன் தரவை வைத்திருக்கும் தெரிவு உள்ளது. இதனால் நிரலின் இடம் மட்டுமே மீளும். பதிவிறக்கத்தின் ஒலித்தரத்தைக் குறைத்துக்கொள்வதும், கேட்டு முடித்த வலையொலிகளை நீக்குவதும் பயனுள்ள பிற வழிகளாகும்.

உரிமை

பதிவிறக்கிய கோப்பு பயனரின் நகர்பேசியில் இருந்தாலும், அதை ஒலிக்கச் செய்யும் உரிமை சந்தாவுடனும் சேவையுடனும் பிணைந்தது. ஏர்டெல் நிறுவனம் 2014-இல் தொடங்கிய விங்க் மியூசிக் செயலியை மூடுவதாக 2024-இல் அறிவித்தது. இதற்கு மாறாக, மறையீடு இல்லாத எம்பி3 கோப்பை நிறுவனத்தின் சேவையின்றியே எப்போதும் கேட்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* ஊடக ஓடை
* எம்பி3
* பள்ளிக்கரணை சதுப்பு நிலம்