ஒருவருக்கு ஒரு கை: சீட்டாட்ட விதிகளும் வீட்டுக்காரன் பங்கும்

1

ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த ஒரு தாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வெளியே அண்ணன் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவானால் அங்கே போக்கர். தமிழ், தெலுங்கு, குஜராத்தி, ஒரு வியட்நாம்காரர் என்று எட்டுப் பேர் வருவார்கள். ‘சித்தப்பா, சும்மா ஒக்காந்து பாருங்க. நம்ம ரம்மி மாதிரிதான்’ என்றான். ரம்மி மாதிரி இல்லை என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

அந்தத் தாளில் எட்டு விதிகள். ஒருவருக்கு ஒரு கைதான், பக்கத்தில் இருப்பவர் யோசனை சொல்லக் கூடாது. கலைத்த கட்டை இன்னொருவர் வெட்டியே ஆக வேண்டும். வாயால் சொன்ன பந்தயம் சொன்னதுதான், பிறகு மாற்ற முடியாது. கடைசியில் சீட்டைத் திருப்பிப் போடும்போது ஆடுகிறவன் என்ன உளறினாலும் சீட்டு சொல்வதே கணக்கு. ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும். மேஜைமேல் இருக்கிற காசுக்கு மட்டுமே ஆட்டம். அந்தக் காசை ராத்திரி முடிகிறவரை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. தகராறு வந்தால் வீட்டுக்காரர் சொல்வதே முடிவு.

கவிதையையும் கட்சித் திட்டத்தையும் கட்டுடைத்துப் பார்க்கிற நாம் இப்படிப்பட்ட தாள்களைப் படிப்பதே இல்லை. சூதாட்டம் என்று சொன்னதும் தருமன், திரௌபதி, அறம் என்று ஒரு பெருங்கதையாடல் வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்கிறது. என்னைக் கேட்டால், நியாயம் என்றால் என்ன என்று முன்பின் தெரியாத ஆட்கள் காசை நடுவில் வைத்துக்கொண்டு பேசித் தீர்த்த வரலாறு இந்த எட்டு வரிகளுக்குள் இருக்கிறது. இவற்றில் ஏழு விதிகள் ஆடுகிறவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. எட்டாவது விதி யாரையும் கட்டுப்படுத்தவில்லை, ஒருவருக்கு அதிகாரத்தைக் கொடுக்கிறது. நான் பேச வந்தது இந்த எட்டாவதைப் பற்றித்தான். அதற்கு முதல் ஏழின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

2

போக்கர் அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றின் வழியாக வளர்ந்த ஆட்டம். அப்போது கட்டில் இருபதே சீட்டுகள். நான்கு பேருக்கு ஆளுக்கு ஐந்தாகப் போட்டால் கட்டு காலி. 1829 டிசம்பரில் நீராவிப் படகில் நியூ ஆர்லியன்ஸுக்குப் போன ஜோசப் கோவெல் என்ற ஆங்கில நாடக நடிகர் தான் பார்த்த ஓர் ஆட்டத்தை 1844-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். மூடுபனியில் படகு தரைதட்டியது. எல்லோரும் பதறிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினார்கள். பச்சைக் கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் மேஜையைவிட்டு எழாமல் நிதானமாகச் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். கலைத்தாரா, அடுக்கினாரா? ஆட்டம் மறுபடி தொடங்கியபோது நம்ப முடியாத பெரிய கைகள் ஒரே சுற்றில் இறங்கின. பச்சைக் கண்ணாடிக்காரர் போடுகிற வரிசையில் பிசகிவிட்டதால் எல்லாவற்றையும் வெல்லும் கை எதிரில் இருந்த இளம் வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிட்டது!

‘கட்டை இன்னொருவர் வெட்டியே ஆக வேண்டும்’ என்ற விதிக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது. மனம் திருந்திய சூதாடி ஜோனதன் கிரீன் 1843-இல் இந்தத் தில்லுமுல்லுகளை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். திருந்தாத சூதாடி ஜார்ஜ் டெவோல் 1887-இல் அதே தில்லுமுல்லுகளைப் பெருமையாகச் சொல்லி ஒரு நூல் எழுதினார். முன்கூட்டியே அடுக்கிவைத்த கட்டைச் சமயம் பார்த்து மாற்றுவது, சீட்டின் முதுகில் அடையாளம் வைப்பது, அந்நியன்போல வந்து உட்காரும் கூட்டாளி என்று எல்லாமே இரண்டிலும் உண்டு. ஏமாற்றுகிறவன் எழுதாமல் விதி பிறப்பதில்லை என்று சொன்னால் தப்பில்லை. ஒவ்வொரு விதியும் யாரோ ஒருவன் பறிகொடுத்த இடத்தில் விழுந்த தழும்பு.

விதி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1835 ஜூலையில் மிசிசிப்பிக் கரையிலுள்ள விக்ஸ்பர்க் ஊரில் ஐந்து சூதாடிகளைக் கும்பல் விசாரணை இல்லாமல் தூக்கில் தொங்கவிட்டது. ஊர்ப் பெரியமனிதர்கள் அதை ஒழுக்கத்தின் வெற்றி என்றார்கள். அதே ஊரில் அப்போது மனிதர்களை அடிமைகளாக விற்றதும் வாங்கியதும் சட்டப்படி நடந்த வியாபாரம். யார் சூதாடி, யார் வியாபாரி என்பதைத் தீர்மானித்தது ஆட்டமல்ல, அதிகாரம்.

3

வெட்டுவது, கலைப்பது எல்லாம் ஏமாற்றுக்காரனைத் தடுக்கிற விதிகள். ‘டேபிள் ஸ்டேக்ஸ்’ என்கிற விதி வேறு சாதி. அதாவது, மேஜைமேல் இருக்கிற காசுக்கு மட்டுமே ஆட்டம். இது ஏமாற்றாதவனையும் தடுக்கிறது. பணக்காரனைத் தடுக்கிறது.

போக்கர் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. உங்கள் சீட்டு எனக்குத் தெரியாது, என் சீட்டு உங்களுக்குத் தெரியாது. நான் ஒரு தொகை வைத்தால் நீங்கள் அதற்குச் சமமாக வைக்க வேண்டும், அல்லது கூட்ட வேண்டும், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். எல்லோரும் விலகிவிட்டால் என் கையில் குப்பை இருந்தாலும் நடுவில் இருக்கிற பணம் எனக்கு. இந்த ஆட்டத்தில் பணம் பந்தயம் மட்டுமல்ல, ஆயுதமும்தான். உங்களிடம் நூறு டாலர் இருக்கிறபோது நான் பையிலிருந்து ஆயிரத்தை எடுத்து வைத்தால் உங்கள் நல்ல சீட்டுக்கு அர்த்தமே இல்லை. ‘முடியல, நான் வெளியே போறேன்’ என்று நீங்கள் எழுந்துபோக வேண்டியதுதான்.

பழைய ஆட்டங்களில் இது நடந்தது. 1966-இல் வந்த ‘எ பிக் ஹேண்ட் ஃபார் தி லிட்டில் லேடி’ என்ற ஹாலிவுட் படத்தின் கதையே இதுதான். பந்தயத்துக்குச் சமமாக வைக்கக் காசில்லாத குடும்பத்துப் பெண் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பாங்குக்காரரிடம் போய், இந்தக் கையை ஈடாக வைத்துக் கடன் கொடு என்று கேட்கிறாள். (அதற்குப் பிறகு வருகிற திருப்பத்தை நான் சொல்லப் போவதில்லை.)

டேபிள் ஸ்டேக்ஸ் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சீட்டு வாங்கியபோது உன்முன்னால் இருந்த காசுதான் அந்தக் கைக்கு உன் சொத்து. நடுவில் பையைத் திறக்கக் கூடாது. இன்னொருவன் அதற்குமேல் எவ்வளவு வைத்தாலும் உன்னை விரட்ட முடியாது. உன்னிடம் இருக்கிற முழுவதையும் வைத்துவிட்டு நீ கடைசிவரை இருக்கலாம். அதற்குமேல் வருகிற பணம் தனிக் குவியலாகப் பிரிந்து மற்றவர்களுக்குள் தீரும். உன் சீட்டுதான் பெரிதென்றால் உன் பங்குக் குவியல் உனக்கு. வறுமை காரணமாக எவனும் தன் சீட்டைக் காட்டாமல் எழுந்துபோக வேண்டியதில்லை!

எனக்குத் தெரிந்து முதலாளியத்தின் மடியிலேயே பிறந்த விதிகளில் இவ்வளவு கறாராகப் பணத்தின் கையைக் கட்டிப்போட்ட விதி குறைவு. நம் நீதிமன்றங்களை நினைத்துப் பாருங்கள். வழக்கில் நியாயம் இருந்தும் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாமல் விலகியவர்கள் எத்தனை பேர்? அங்கே டேபிள் ஸ்டேக்ஸ் கிடையாது.

ஹூஸ்டனில் ஓர் இரவு இதை நேரில் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு பையன் முன்னாலிருந்ததையெல்லாம் நடுவில் தள்ளிவிட்டான். எதிராளி இன்னும் கூட்டினார். பையன் கார் சாவியை எடுத்து மேஜைமேல் போட்டான். அண்ணன் மகன் அதை எடுத்து அவன் சட்டைப்பையில் திரும்பப் போட்டு, ‘டேய், தாள்ல என்ன எழுதியிருக்கு?’ என்றான். பையன் தோற்றான். காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தருமன் ஆடிய மண்டபத்தில் இந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

4

இங்கேயே நிறுத்தினால் இது விதிகளுக்குப் பாடிய துதியாகிவிடும். இன்னொரு கதை இருக்கிறது.

வீட்டு ஆட்டத்துக்கான போக்கர் விதிகளை எழுதிவைத்தவர்களில் முன்னோடி ராபர்ட் ஷெங்க். உள்நாட்டுப் போரில் தளபதி, பிறகு காங்கிரஸ் உறுப்பினர், 1871 முதல் லண்டனில் அமெரிக்கத் தூதர். 1870களின் தொடக்கத்தில் சோமர்செட் பகுதியில் ஒரு பிரபுக் குடும்பத்து மாளிகையில் விருந்தாளியாக இருந்தபோது, வீட்டம்மாள் கேட்டுக்கொண்டதற்காகப் போக்கர் விதிகளை எழுதிக்கொடுத்தார். அவர் அதைத் தன் வட்டத்துக்காக அச்சிட்டார். ஆக, அண்ணன் மகன் வீட்டு ஃப்ரிட்ஜ் தாளுக்கு மூதாதை ஒரு மாளிகையில் இருக்கிறது.

அதே சமயத்தில் இதே ஷெங்க் இன்னொரு காரியமும் செய்தார். அமெரிக்காவின் யூட்டா பகுதியில் எம்மா என்றொரு வெள்ளிச் சுரங்கம். அதை 1871-இல் லண்டனில் பத்து லட்சம் பவுண்டு மூலதனத்தில் கம்பெனியாக்கிப் பங்கு விற்றார்கள். தூதர் ஷெங்க் இயக்குநர்களில் ஒருவராகத் தன் பெயரைக் கொடுத்தார். தூதரே சொல்கிறாரே என்று ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள். சுரங்கத்தில் வெள்ளி சீக்கிரமே தீர்ந்தது, பங்கு விழுந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் விசாரித்தது. மோசடி செய்தார் என்று அவர்மேல் தீர்ப்பாகவில்லை. தூதர் பதவியில் இருந்துகொண்டு அப்படிச் செய்தது தகாது என்றார்கள். 1876-இல் பதவி விலகினார்.

சீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றாமலிருக்க விதி எழுதிய கை, சீட்டைவிடப் பெரிய ஆட்டத்துக்குப் பெயரெழுதிக் கொடுத்தது. இது பாசாங்கு என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். நான் அப்படி வாசிக்கவில்லை. சீட்டு மேஜையில் ஷெங்க் நேர்மையாகவே இருந்திருக்கலாம். அந்த மேஜையில் அவரும் ஓர் ஆட்டக்காரர், மற்றவர்களுக்கு உள்ள நஷ்டபயம் அவருக்கும் உண்டு. சுரங்கத்தில் அவர் ஆட்டக்காரரல்ல, அவரே வீடு. சூதாட்டத்தில் ‘ஹவுஸ்’ என்று ஒரு சொல் உண்டு. யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறவன் என்று பொருள். நியாயம் கெடுகிற இடம் இதுதான்.

5

டெக்ஸாஸ் தண்டனைச் சட்டத்துக்கு இது புரிந்திருக்கிறது. அங்கே சூதாட்டம் குற்றம். ஆனால் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்திருந்தால் தப்பிக்கலாம். ஆடுவது தனியிடமாக இருக்க வேண்டும். ஜெயிக்கிற காசைத் தவிர வேறெந்தப் பொருளாதார ஆதாயமும் யாருக்கும் இருக்கக் கூடாது. திறமை, அதிர்ஷ்டம் போக, வெற்றி தோல்வி வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுக்காரன் பங்கு எடுத்த அந்த நிமிஷமே விருந்தாளிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நம் ஊர்ச் சட்டமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது. 1930-ஆம் ஆண்டின் சென்னை சூதாட்டச் சட்டத்தில் ‘பொதுச் சூதாட்ட வீடு’ என்பதன் இலக்கணம் வீட்டுக்காரனின் லாபம். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967-இல் ரம்மியைத் திறமையாட்டம் என்றது. கூடவே, அதிலிருந்து வீடோ கிளப்போ லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்றும் சொல்லிவைத்தது. ஆனால் தெருவில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்தவனுக்கு வீட்டுக்காரன் லாபம் என்ற கேள்வியே எழுவதில்லை, தெருவில் ஆடியதே போதும். வீடில்லாதவனுக்கு வீட்டு விதி ஏது?

பிறகு வீடே செல்போனுக்குள் வந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுக்கிற வீடு. தமிழ்நாட்டின் 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் பெயர் சொல்லித் தடுத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. 2025-இல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடைசெய்தது. இத்தனை வாதத்திலும் அதிகம் பேசப்பட்டது திறமையா அதிர்ஷ்டமா என்பதே. பங்கு எடுப்பவன் யார் என்பது பின்னால் நின்றது.

மறுபடி ஹூஸ்டன். கவனித்துப் பார்த்ததில், பெரிய குவியல் சேரும்போதெல்லாம் அண்ணன் மகன் அதிலிருந்து ஐந்து டாலர் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். தாளில் இல்லாத ஒன்பதாவது விதி. கேட்டேன். ‘பீட்சாவுக்கு, சித்தப்பா’ என்றான். சமையலறையிலிருந்து மருமகள் குரல் வந்தது: ‘மாமா, வாராவாரம் பிரியாணி நான்தான் செய்யறேன். பீட்சா எங்க வந்துச்சுன்னு அவரக் கேளுங்க.’

மேஜையில் சிரிப்பு, பிறகு அமைதி. எழுந்த தகராறுக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் விதிப்படி வீட்டுக்காரர்! ஏமாற்றுகிறவனைவிட ஆட்டத்தைக் கெடுப்பவன்மேல்தான் சமூகத்துக்குக் கோபம் அதிகம் என்று டச்சு வரலாற்றாசிரியர் ஹுய்சிங்கா 1938-இல் எழுதினார். ஏமாற்றுகிறவன் ஆட்டத்தை நம்புவதுபோல நடிக்கவாவது செய்கிறான். கெடுப்பவனோ ஆட்டத்தின் வட்டத்தையே உடைத்துவிடுகிறான். அன்று வட்டத்தை உடைத்தது, மேஜையில் இடமே கொடுக்கப்படாத ஒருத்தி. அவளுடைய உழைப்பு எந்த விதியிலும் இல்லை. அவள் பெயரில் எடுத்திருக்க வேண்டிய காசு பீட்சாவின் பெயரில் போயிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா இல்லை. ஆளுக்கொரு வாரம் சாப்பாடு கொண்டுவருவது என்று தாளில் ஒரு வரி சேர்ந்திருந்தது. எட்டாவது விதி மட்டும் அப்படியே இருந்தது.

நாமும் விதி எழுதுகிறவர்கள்தாம். பத்திரிகை நடத்துகிறோம், சங்கம் வைக்கிறோம், நிதி திரட்டுகிறோம், ‘தகராறு வந்தால் குழுவின் முடிவே இறுதியானது’ என்று கூசாமல் எழுதிக்கொள்கிறோம். முதல் ஏழு விதிகளும் நம்மிடம் சரியாகத்தான் இருக்கின்றன. எட்டாவதை எழுதியவர் மற்றவர்களைப்போல நஷ்டபயத்தோடு மேஜையில் உட்கார்ந்திருக்கிறாரா, டப்பாவோடு நிற்கிறாரா என்று கேட்கத்தான் ஆளில்லை. கேட்கிற குரல் பெரும்பாலும் சமையலறையிலிருந்துதான் வருகிறது.