வான்கோழி மெட்டு கைமாறிய கதை

மிக்கி மவுஸா, டொனால்டு டக்கா? யாரைக் கேட்டாலும் பதில் சட்டென்று வந்துவிடும். ஏன் என்று கேட்டால்தான் திணறுவார்கள். நானும் டொனால்டு கட்சிதான், எனக்கும் காரணம் தெரியாது. போன மாதம் தூக்கம் வராத ஒரு ராத்திரியில் பழைய டிஸ்னி குறும்படங்கள் இரண்டை அடுத்தடுத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. இரண்டு படத்திலும் ஒரே பாட்டு!

முதல் படம் 'ஸ்டீம்போட் வில்லி'. 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் வெளியானது. எல்லாருக்கும் தெரிந்த அந்த விசிலடிக்கும் காட்சி இதில்தான். ஆனால் விசிலைத் தாண்டி முழுப் படத்தையும் பார்த்தவர்கள் குறைவு. மின்னி கொண்டுவரும் இசைத்தாளை ஒரு ஆடு தின்றுவிடுகிறது. அந்தத் தாளில் இருந்தது 'டர்க்கி இன் தி ஸ்ட்ரா', அதாவது வைக்கோலில் வான்கோழி. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே அமெரிக்காவில் புழங்கும் மெட்டு அது. ஆட்டின் வாலைப் பிடித்துச் சுற்றினால் வாயிலிருந்து பாட்டு வருகிறது. உடனே மிக்கிக்கு உற்சாகம் பிடித்துக்கொள்கிறது. பூனையின் வாலை இழுத்துக் கத்த வைக்கிறான், பிறகு அதே வாலைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்றுகிறான். பால் குடிக்கும் பன்றிக்குட்டிகளின் வாலை ஒவ்வொன்றாக இழுத்து ஸ்வரம் எழுப்புகிறான். மாட்டின் பல்லில் சைலஃபோன் வாசிக்கிறான். இன்றைக்கு நமக்குத் தெரிந்த மிக்கியா இது? சரியான வாலு.

இரண்டாவது படம் 'தி பேண்ட் கான்செர்ட்', 1935. பொதுத் திரையீட்டுக்கு வந்த முதல் வண்ண மிக்கி படம். பூங்காவில் மேடை. தன் உடம்புக்குப் பெரிதான சீருடையை மாட்டிக்கொண்டு, மிக்கி ரொம்ப சீரியஸாக 'வில்லியம் டெல்' இசையை நடத்திக்கொண்டிருக்கிறான். அங்கே ஐஸ்கிரீம், பாப்கார்ன் விற்க வருகிறான் டொனால்டு. சட்டைக்குள்ளிருந்து ஒரு புல்லாங்குழலை எடுத்து ஊதுகிறான். என்ன பாட்டு? அதே 'டர்க்கி இன் தி ஸ்ட்ரா'. மொத்த இசைக்குழுவும் தன்னை அறியாமல் அந்த மெட்டுக்குத் தாவிவிடுகிறது. மிக்கி ஓடிவந்து குழலை உடைக்கிறான். இவன் இன்னொன்றை எடுக்கிறான். அதை உடைத்தால் இன்னொன்று. கடைசியில் சூறாவளி வந்து இசைக்குழுவையே வானத்துக்குத் தூக்கிப் போகிறது, அப்போதும் மிக்கி கச்சேரியை நிறுத்துவதில்லை. எல்லாம் அடங்கிய பிறகு கைதட்ட மிச்சமிருக்கும் ஒரே ரசிகன் டொனால்டு. தட்டி முடித்ததும் மறுபடி குழலை எடுக்கிறான்!

1928-ல் அந்த மெட்டை வைத்து அட்டகாசம் பண்ணியவன் மிக்கி. 1935-ல் அதே மெட்டால் அவதிப்படுபவனும் மிக்கி. இந்தப் பாட்டுத் தேர்வு திட்டமிட்டதா, தற்செயலா? அது எனக்கு முக்கியமாகப் படவில்லை. நடுவில் ஏழு வருஷத்தில் அந்த எலிக்கு என்ன ஆனது என்பதுதான் விஷயம்.

ஆனது வேறொன்றுமில்லை, வெற்றி. 1932-ல் மிக்கியை உருவாக்கியதற்காக வால்ட் டிஸ்னிக்கு சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது. 1933-ல் மிக்கி கைக்கடிகாரம் வந்தது. குழந்தைகளின் தெய்வம் ஆனதும் பெரியவர்களின் கண்காணிப்பும் கூடவே வந்தது. மிக்கி லேசாக ஒழுங்கு தவறினாலும் பெற்றோரிடமிருந்து புகார்க் கடிதங்கள். கார்ட்டூன் மாட்டின் மடி ஆபாசம் என்று சொல்லி, டிஸ்னி மாடுகள் பாவாடை கட்டவேண்டி வந்த காலம் அது. நிஜமாகத்தான்.

என் தொழிலில் இது அன்றாடம் பார்க்கிற சமாச்சாரம். சாஃப்ட்வேரில் ஒரு சின்ன மாட்யூலை விளையாட்டாக எழுதியிருப்போம். நன்றாக ஓடும். பத்து டீம் அதைப் பயன்படுத்த ஆரம்பிக்கும், அப்புறம் நூறு டீம். அதற்குப் பிறகு அதில் ஒரு வரியை மாற்ற யாருக்கும் தைரியம் வராது. மிக்கி அப்படி ஆகிவிட்டான். அவனை நம்பி ஒரு கம்பெனியே நின்றது.

ஆனால் கதைக்குத் தப்பு செய்ய ஒருவன் வேண்டுமே? 1934-ல் 'தி வைஸ் லிட்டில் ஹென்' படத்தில் டொனால்டு முதன்முதலாக வந்தான். வேலைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று நடிக்கும் சோம்பேறி வேடம். அதே வருஷம் 'ஆர்ஃபன்ஸ் பெனிஃபிட்'டில் மேடையேறிப் பாட்டு ஒப்பிக்கிறான். பையன்கள் கேலி செய்ய, முஷ்டியைச் சுழற்றிக் குதிக்கிறான். அந்தக் கோபம்தான் அவனை நிலைக்க வைத்தது. கிளாரன்ஸ் நாஷ் கொடுத்த அந்தக் குரலில் பாதி வார்த்தை யாருக்கும் புரியாது, ஆனால் எரிச்சல் மட்டும் துல்லியமாகப் புரியும்.

இரண்டாம் உலகப் போரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 1941 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை மக்களை வருமான வரி கட்டவைக்க ஒரு படம் கேட்டது. அவர்கள் மனதில் இருந்தது சராசரி வரிகட்டும் குடிமகனாக ஒரு புதுப் பாத்திரம். வால்ட் கொடுத்தது டொனால்டை. அதிகாரிகளுக்கு முதலில் அது பிடிக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், மிக்கி வரி கட்டினால் அதில் என்ன கதை இருக்கிறது? அவன் கட்டத்தான் செய்வான். முணுமுணுக்கிற ஆள் கட்டினால்தான் நாமும் கட்டுவோம். அடுத்து வந்த 'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' படத்தில், நாஜி தொழிற்சாலையில் குண்டுகளைத் திருகித் திருகிப் பைத்தியம் பிடிப்பவனும் டொனால்டுதான். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மிக்கி எல்லா இடத்திலும் மொழுக்கட்டையாகிவிடவில்லை. 1930-லிருந்து ஃப்ளாய்ட் காட்ஃப்ரெட்சன் வரைந்த நாளிதழ் படக்கதைகளில் அவன் துணிச்சல்காரன், கொள்ளைக்காரர்களோடு மோதுகிறவன். இத்தாலியில் இன்றும் அவன் துப்பறியும் எலி. திரையில்கூட, சரிந்த மவுசைத் தூக்கி நிறுத்தத் தொடங்கிய 'தி சார்சரர்ஸ் அப்ரென்டிஸ்', 1940-ல் 'ஃபாண்டேசியா'வில் ஒரு பகுதியாக வந்தபோது பிரமாதமாக இருந்தது. ஏனென்றால் அதில் அவன் தப்பு செய்கிறான். குருவின் தொப்பியைத் திருட்டுத்தனமாக மாட்டி, துடைப்பத்துக்கு உயிர் கொடுத்து, நிறுத்தத் தெரியாமல் வீட்டையே வெள்ளக்காடாக்குகிறான்.

உருவமும் சேர்ந்தே மாறியது. ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற தொல்லுயிரியலாளர் 1979-ல் எழுதிய கட்டுரைக்காக மிக்கியின் படங்களை அளந்து பார்த்திருக்கிறார். காலப்போக்கில் கண்ணின் அளவு தலை நீளத்தில் 27 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆகியிருக்கிறது, தலையும் பெரிதாகியிருக்கிறது. அதாவது வயது ஏற ஏற மிக்கி குழந்தையாகிக்கொண்டே போனான். நாம் அவனைக் கொஞ்சலாம், ஆனால் அவனிடம் நம்மைப் பார்க்க முடியாது.

டொனால்டு எதிர்த்திசையில் போனான். 1940களிலிருந்து கார்ல் பார்க்ஸ் வரைந்த காமிக்ஸ்களில் அவனுக்கு வாடகை உண்டு, கடன் உண்டு, வளர்க்க மூன்று மருமகன்கள் உண்டு, 1947 முதல் கஞ்ச மாமா ஸ்க்ரூஜும் உண்டு. கதைக்கு ஒரு வேலை, ஒவ்வொன்றிலும் ஆரம்பத்தில் கெட்டிக்காரன், முடிவில் ஊரே துரத்தும். பார்க்ஸே லாரல் ஹார்டி வாழ்க்கை மாதிரி பல வேலை பார்த்தவர். கோவேறு கழுதை ஓட்டியிருக்கிறார், மரம் வெட்டியிருக்கிறார், ரயில்வே பட்டறையில் இருந்திருக்கிறார். புத்தகத்தில் அவர் பெயர் கிடையாது, வால்ட் டிஸ்னி பெயர் மட்டும்தான். வாசகர்கள் கோட்டை வைத்தே ஆளை அடையாளம் கண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என்று கூப்பிட்டார்கள்.

ஐரோப்பா இந்த வாத்தைத்தான் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஜெர்மன் மொழிபெயர்ப்பாளர் எரிக்கா ஃபுக்ஸ், 1951 முதல் அவனுக்கு இலக்கிய நயமுள்ள ஜெர்மன் பேச்சைக் கொடுத்தார். பின்லாந்தில் அதே 1951-ல் அவன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கியது. சுவீடனில் 1960 முதல் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளும் மதியம் மூன்று மணிக்குக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சிக்கும் அவன் பெயர்தான்.

மிக்கியின் வழக்கமான குறும்பட வரிசை 1953-ல் நின்றுபோனது. 2024 ஜனவரி 1 அன்று 'ஸ்டீம்போட் வில்லி' மீதான அமெரிக்கக் காப்புரிமை முடிந்தது. பொதுச்சொத்தாக வந்தது கடிகாரத்தில் சிரிக்கும் நல்ல பிள்ளை அல்ல, பூனையைச் சுழற்றும் அந்தப் பழைய வாலுதான். இதே கணக்கில் டொனால்டின் முதல் படம் 2030-லும், 'தி பேண்ட் கான்செர்ட்' 2031-லும் வெளியே வரும். அந்த ஜனவரியில் யாராவது குழலை மிக்கி கையிலும் கோலை டொனால்டு கையிலும் கொடுத்து ஒரு படம் எடுத்தால், முதல் ஆளாக நான் பார்ப்பேன்.