சிங்கப்பூர் ‘ருத்ரா’ இசைக்குழுவின் வரலாறும் இசைப்பாணியும்: தென்காசி – குற்றால ஒலிமரபுகளோடு ஓர் ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

1992ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தோன்றிய ‘ருத்ரா’, புலம்பெயர் தமிழ்ச் சமூகத்திலிருந்து எழுந்த மெட்டல் இசைக்குழுக்களுள் குறிப்பிடத்தக்கது. வடமொழி மறைமொழிகளையும் வேதாந்தக் கருத்துகளையும் மேற்கத்திய வன்னிசையோடு இணைத்த இக்குழு, தன் பாணியை ‘வேதிக் மெட்டல்’ எனப் பெயரிட்டுக்கொண்டது. அக்கலப்பு தமிழ் ஒலிமரபின் எந்த அடுக்கைத் தேர்ந்துகொண்டது என்பதைத் தென்காசி, குற்றாலப் பகுதியின் இசைச்சூழலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ருத்ரா, த்ராஷ் மெட்டல், கலப்பிசை, நையாண்டி மேளம், புலம்பெயர் தமிழர், குற்றாலம்

முன்னுரை

தமிழிசை வரலாற்றாய்வுகள் பண், கீர்த்தனை, நாட்டார் இசை, திரையிசை ஆகியவற்றையே பெரிதும் கருத்தில் கொண்டுள்ளன. புலம்பெயர்ந்த தமிழர் உருவாக்கிய ராக், மெட்டல் இசைகள் அவ்வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. இசையியல் அறிஞர் யூஜின் டைரியநாதன் 2009இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஆய்வு, வேதிக் மெட்டலைச் சிங்கப்பூர்த் தென்னிந்தியர்களின் அடையாளச் சிக்கலோடு இணைத்து நோக்கியது. அவ்வினாவைத் தமிழ்நாட்டின் ஒலிமரபுகளை அளவுகோலாகக் கொண்டு மீண்டும் எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலப்பு என்னும் கருத்தாக்கம்

1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஹார்ட்கோர் பங்க் இசையும் த்ராஷ் மெட்டல் இசையும் ஒன்றோடொன்று கலந்தன. டி.ஆர்.ஐ. குழு 1987இல் வெளியிட்ட ‘கிராஸ்ஓவர்’ என்னும் இசைத்தொகுப்பின் பெயர் அப்பாணியோடு ஒன்றிவிட்டது. ‘சூசைடல் டென்டன்சீஸ்’ இப்போக்கின் மற்றொரு முன்னோடிக் குழுவாகும். பங்கிலிருந்து சுருங்கிய பாடல் வடிவும் சமூகச் சினமும், த்ராஷிலிருந்து விரைவும் கிட்டார் நுட்பமும் இதில் சேர்ந்தன. அதுவரை விலகி நின்ற இருவகை இரசிகர்களும் ஓரரங்கில் கூடினர். எனவே கலப்பு என்பதற்கு ஒலி, அவை என இரு கூறுகள் உண்டு. ருத்ராவின் இசை பாணியளவில் டெத், பிளாக், த்ராஷ் மெட்டல் வகைகளைச் சார்ந்தது. எனினும் அதன் கலப்பை ஆராய இவ்விரு கூறுகளும் பொருத்தமான கருவிகளாகும்.

தென்காசி – குற்றாலத்தின் ஒலி அடுக்குகள்

2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசிப் பகுதியில் இருவேறு ஒலிவெளிகள் அருகருகே நிலவுகின்றன. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலும், சம்பந்தர் பாடிய குற்றாலநாதர் கோயிலும் வேத ஓதல், தேவாரம், நாகசுரம், தவில் ஆகியவற்றின் களங்கள். சிவாலய வழிபாட்டில் ஓதப்படும் ஸ்ரீருத்ரம் இவ்வெளிக்கு உரியது. ஊர்ப்புறங்களில் அம்மன், சுடலைமாடன் கொடைவிழாக்கள் வில்லுப்பாட்டு, கரகாட்டம், நையாண்டி மேளம் ஆகியவற்றின் களங்கள்.

நையாண்டி மேளமே ஒரு கலப்பிசைதான். கோயில் மேளத்தின் நாகசுரமும் தவிலும் இதில் பம்பை, உறுமி, தமுக்கு முதலியவற்றோடு சேர்ந்து, ஆட்டத்துக்கேற்ற விரைவும் உரப்பும் பெறுகின்றன. இதே நிலத்தில் 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, விருத்தத்தோடு சிந்தையும் கண்ணியையும் இணைத்தது. இக்கலப்புகளில் செவ்வியல் அடுக்கும் நாட்டார் அடுக்கும் சந்திக்கின்றன.

குழுவின் வரலாறு

ருத்ராவின் தொடக்கக் காலம் முதல் பாடகரும் பேஸ் கிட்டார் கலைஞருமான கதிர், டிரம்ஸ் கலைஞர் சிவா ஆகியோர் அதன் நடுவாக இருந்துவருகின்றனர். கிட்டார் கலைஞர்கள் காலந்தோறும் மாறினர். குழுவின் பெயரைத் தாங்கிய முதல் இசைத்தொகுப்பு 1998இல் வெளிவந்தது. ‘தி ஆரியன் குரூசேட்’ (2001), ‘குருக்ஷேத்ரா’ (2003) ஆகியவை அதனைத் தொடர்ந்தன. 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ‘பிரம்மவித்யா’ வரிசையின் மூன்று தொகுப்புகள் குழுவின் சிந்தனைத் திசையை உறுதிசெய்தன. ‘ரிதா’ (2013), ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’ (2016) ஆகியவையும் அத்திசையிலேயே சென்றன.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழி. அந்நாட்டு மெட்டல் இரசிகர்களில் மலாய் இளைஞர்கள் மிகுதி. ஆகவே ருத்ரா சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மையாக இயங்கியது. அதன் பாடல்மொழி முதன்மையாக ஆங்கிலமும் வடமொழியுமாக அமைந்ததை இச்சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

இசைப்பாணி

உள்ளங்கையால் நரம்பை அடக்கி மீட்டும் விரைந்த கிட்டார் தொடர்கள், இரட்டை மிதிகளால் முழங்கும் டிரம்ஸ், தொண்டையிலிருந்து எழும் உறுமற்குரல் ஆகியவை ருத்ராவின் மெட்டல் அடித்தளம். கிராஸ்ஓவர் குழுக்களின் சுருங்கிய பாடல்களுக்கு மாறாக இக்குழு நீண்ட, பல பகுதிகளைக் கொண்ட பாடல்களை விரும்பியது.

இந்திய இசைக்கும் மெட்டலுக்கும் இயல்பான ஒற்றுமைகள் சில உள்ளன. கிட்டாரின் தாழ்ந்த திறந்த நரம்பு தொடர்ந்து ஒலித்து, தம்பூராச் சுருதியைப்போல் ஆதாரமாக நிற்பது முதலாவது. மெட்டலில் மிகுதியாகப் பயிலும் ஃபிரிஜியன் சுரவரிசை அனுமத்தோடி மேளத்தின் சுரங்களோடும், அதன் திரிபான ஃபிரிஜியன் டாமினன்ட் வகுளாபரணத்தின் சுரங்களோடும் ஒத்திருப்பது இரண்டாவது. ஆயினும் கமகமும் சஞ்சாரமும் இன்றிச் சுரவரிசை மட்டும் இராகமாகிவிடாது.

ஓதலின் நிலை இதனினும் நுட்பமானது. வேத ஓதல் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று சுரநிலைகளைச் சார்ந்தது. உறுமற்குரலில் சுரத்தானம் தெளிவாக ஒலிப்பதில்லை. எனவே மறைமொழி உறுமலாகும்போது சொல் எஞ்சுகிறது. ஓதல் முறை மறைகிறது. அதனை இயல்பான குரலில் ஓதும் பகுதிகளில்தான் கோயில் ஒலியின் சாயல் மீள்கிறது.

‘ஆரிய’ என்னும் சொல்

2001ஆம் ஆண்டுத் தொகுப்பின் தலைப்பு இக்குழுவின் தேர்வை மிகக் கூர்மையாகக் காட்டுகிறது. வடமொழியில் ‘ஆரிய’ என்பதற்கு மேன்மையுடையோன் என்னும் பொருள் உண்டு. குழு அப்பொருளிலேயே சொல்லைக் கையாண்டது. ஐரோப்பியச் செவிகளுக்கு அது நாசி இனவாதத்தை நினைவூட்டும். தமிழ்ச் செவிகளுக்கோ வேறொரு நினைவு உண்டு. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற்குப் பின், ஆரியம், திராவிடம் என்னும் எதிர்நிலை தமிழக அரசியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. தமிழ் வம்சாவளிக் கலைஞர்கள் அச்சொல்லைத் தம் அடையாளமாக உயர்த்தியது, தமிழகத்தின் அவ்விவாதத்திலிருந்து புலம்பெயர் சூழல் எவ்வளவு விலகியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இதற்கு மறுதிசையில் அமைந்தது சென்னையின் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. 2018 சனவரியில் முதன்முறையாக மேடையேறிய அக்குழு கானாவையும் பறையையும் ராக், ராப் இசைகளோடு இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடியது. இரு குழுக்களும் மேற்கத்திய இசையைத் ‘தம் மரபோடு’ கலந்தவையே. எது மரபு என்பதில்தான் வேறுபட்டன.

சிங்கப்பூரில் தைப்பூச நடையூர்வலத்தின்போது இசைக்கருவிகள் இசைப்பதற்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடமளிக்கப்பட்டது. தெருவில் உறுமி அடங்கிய அக்காலத்தில், அரங்கினுள் மின்கிட்டார் முழங்கியது. இவற்றிடையே நேரடித் தொடர்பை நிறுவ இயலாவிடினும், புலம்பெயர் தமிழரின் உரத்த இசை எங்கெங்கு இடம்பெற முடிந்தது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

முடிவுரை

தென்காசி, குற்றாலப் பகுதியில் கோயில் ஓதலும் கொடைவிழா மேளமும் தனித்தனி வெளிகளில் வாழ்ந்தாலும், நையாண்டி மேளம் அவற்றிடையே பாலமாகிறது. ருத்ரா ஓதலின் அடுக்கைத் தேர்ந்து தன் அடையாளமாக்கியது. வட்டாரமும் சாதியும் வெளிப்படும் ஒலிகளைவிட, அனைத்திந்திய அளவில் மதிப்புப் பெற்ற வடமொழி ஒலி அயல்நாட்டு மேடையில் எளிதில் அறியப்பட்டது என இதனைக் கருதலாம். ஆயினும் உரப்பு, விரைவு, கேட்போரை ஆட்டத்துக்கு அழைக்கும் தாளம் ஆகிய இயல்புகளில் அதன் இசை கருவறை ஓதலைவிடக் கொடைவிழாப் பந்தலுக்கே நெருக்கமானது. சொல்லால் கோயிலையும் ஒலியால் கொடையையும் சார்ந்து நிற்கும் இம்முரண், புலம்பெயர் தமிழிசை வரலாற்றில் ருத்ராவைத் தவிர்க்க இயலாத ஆய்வுப்பொருளாக்குகிறது.