விரும்பிக் கேட்டவர்கள்

ரசனை என்பது தனிமனிதனின் சொந்த விவகாரம் என்று கூறுவோர் உளர். ஒருவனுக்குப் பிடித்த இசைத்தட்டு எது என்ற கேள்வியில் சரித்திரத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம். தெமோதரையில் நின்று நோக்கும்போது அவ்வாதம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. தெமோதரை நிலையத்தைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்தினூடாகச் செல்லும் அப்பாதையைக் காண இன்று உல்லாசப் பயணிகள் வருகின்றனர். அன்று அப்பாதையில் தேயிலை கீழிறங்கிற்று. தொழிலாளருக்கு அரிசியும், துரைமாருக்குக் கிராமபோன் பெட்டியும் மேலேறின. பங்களாவில் மேலைநாட்டு நடன இசை முழங்கியபோது லயத்தில் தப்பு முழங்கியது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளழைத்ததும் தப்பு. காமன் கூத்துக்கும் சாவுவீட்டுக்கும் உரியதும் அதுவே.

இதில் ஒரு வேடிக்கையுண்டு. ஜாஸ் என்னும் இசையை ஆக்கியவர் யாவர்? அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாய் உழைத்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள். ஒரு தோட்டத்து உழைப்பாளியின் பேரன் ஆக்கிய இசை, மற்றொரு தோட்டத்துத் துரையின் மாலைப்பொழுதை இனிதாக்கிற்று! 1920இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி புளூஸ்’ இசைத்தட்டைக் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாங்கிய பிறகே, அம்மக்களின் பாடல்களைப் பதிவுசெய்யக் கம்பெனிகள் போட்டியிட்டன. இலாபத்துக்காகத்தான், ஆயினும் பதிவாயிற்று. நாட்கூலியில் வயிறு கழுவிய நம் லயத்தவரை இசைத்தட்டு வாங்குவோராக எந்தக் கம்பெனி கருதும்?

அவர்களுடைய பாட்டு அச்சிலும் மேடையிலுமே இடம் தேடிக்கொண்டது. கோ. நடேசய்யரின் கூட்டங்களில் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள், மக்கள் முன்பே அறிந்திருந்த மெட்டுகளில் தொழிலாளரின் துயரைப் பாடினார். அப்பாடல்கள் சிறு பிரசுரங்களாகவும் வெளிவந்தன. கேட்போருக்குப் பிடித்த மெட்டு எது என்று அறிந்து, அதனையே போராட்டத்தின் வாகனமாக்கிய அம்மையாரை நம் இசை விமர்சகர்கள் நினைப்பதேயில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களுள் மிகப்பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரஸ் ஓர் ஆசனமும் பெறவில்லை.

இவ்விரண்டு தேர்தல்களுக்கும் இடையில், 1950 செப்டெம்பர் 30ஆம் நாள், இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கிற்று. 1952இல் இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கத் தலைப்பட்டதும் இந்திய நேயர்களின் காதுகளும் கொழும்பை நோக்கித் திரும்பின. மயில்வாகனனின் குரல் கடலின் இருகரையிலும் ஒலித்தது. நேயர் தபாலட்டை எழுதினார். அறிவிப்பாளர் பெயரும் ஊரும் சொல்லிப் பாட்டை ஒலிபரப்பினார்.

இந்த ஊர் சொல்லுதல்தான் நம்மை வியக்க வைக்கின்றது. வாக்காளர் இடாப்பில் இடமில்லாத ஒருவன், மின்சாரம் எட்டாத லயத்திலிருந்து கொண்டு, தன் தோட்டத்தின் பெயரையும் மேல்கணக்கா கீழ்க்கணக்கா என்பதையும் எழுதி, மனைவி மக்கள் பெயரையும் சேர்த்துத் தபாலட்டை அனுப்புகிறான். அரசாங்கத்தின் வானொலி, அவனைப் பிரசையென ஏற்காத அதே அரசாங்கத்தின் வானொலி, அவன் பெயரை நாடறிய வாசிக்கின்றது. பெரிய கங்காணி வீட்டிலோ தேத்தண்ணிக் கடையிலோ இருந்த ஒற்றைப் பெட்டியைச் சூழ்ந்து நின்றவர்களுக்கு, பாட்டினும் பெயரே இனித்திருக்கும். அவனுடைய விருப்பத்தைக் கேட்டு அதன்படி செய்த அரச நிறுவனம் அக்காலத்தில் வேறேது?

ஆனால் எதனை விரும்ப அவனுக்கு இடமிருந்தது? நிலையத்திலுள்ள இசைத்தட்டையே விரும்பலாம். அங்கிருந்ததோ பெரும்பாலும் சென்னைத் திரைப்பாட்டு. அப்பாடல்களை நாம் இழிவாகக் கருதவில்லை. அவற்றுள் உழைப்போரின் குரலும் உண்டு. ஆயினும் கொழுந்து மலையிற் பிறந்த பாட்டைத் தபாலட்டையில் எழுதிக் கேட்க வழியில்லை. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையே பின்னர் மலைநாட்டு மக்களின் பாடல்களை வாய்மொழியிலிருந்து திரட்டித் தொகுத்தார்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று மக்களைக் கணக்கிட்டுப் பங்கிட்டனர். அவர்களிடம் விருப்பம் கேட்டவர் யார்? தலைமன்னார்க் கப்பலுக்கு அவர்களை ஏற்றிச்சென்ற வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஒலிப்பதிவு காணாத ஒப்பாரி அன்று புகைவண்டி நிலையங்களில் ஒலித்தது. அக்கரை சேர்ந்தவர்களுக்கும் இலங்கை வானொலி கேட்டது. பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் சொல்லப்படும் ஊர்ப்பெயர்களிடையே தம் பழைய தோட்டத்தின் பெயர் வருகின்றதா என்று அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எஞ்சியோருக்குக் குடியுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது. தெமோதரைப் பக்கத்து முதியோரிடம் ‘உங்களுக்குப் பிடித்த பாட்டு எது?’ என்று நம் மாணவர்களைக் கேட்டுவரச் சொன்னோம். ஏறத்தாழ எல்லாரும் திரைப்பாட்டின் பெயரையே சொல்லியிருந்தனர். மூதாட்டி ஒருவர் மட்டும், அவ்வாறு பெயர் சொன்ன பின்னர், மடியிலிருந்த பேத்தி அழவே, வேறொரு பாட்டை மெல்லப் பாடினாராம். அது யார் பாட்டு என்று மாணவி வினவியதற்கு, ‘இது பாட்டா? இது சும்மா எங்கம்மா பாடுனது’ என்றாராம்.